முகம் மறைத்த படம்

ஒரு பெண், பிள்ளையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வருகிற கேள்வி, “வீட்டுக்காரர் வரலையா?” என்பதுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள், அந்த மனிதர் வந்து நின்றால்தான் என் கடைவாய்ப் பல் அசைந்துகொடுக்கும் என்பது போல. கேட்காத ஒரே இடம், ஆற்றங்கரையில் இருந்த அந்த இளையோர் மன்றம்.

நானாக அங்கே போகவில்லை. என் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் அந்த ஊருக்குக் குடிவந்த புதிதில், பேருந்து பாலத்தின் மேல் போகும்போது, கீழே நாலு பெண்பிள்ளைகள் துடுப்பு வலித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் படகு, படிக்கச் சொன்னால் படகு. பதினாலு வயதுப் பிள்ளை, ரொம்ப நாள் கழித்து ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்கிறாள். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மன்றம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. கீழே படகுகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தார்கள். மேலே ஒரு கூடம், அதன் கோடியில் அலுவலக அறை. அங்கே இருந்த பெண்ணுக்குத் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று பதவி. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சாவிக்கொத்தும் தொங்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கணினியை மூடி, மேசை இழுப்பறையைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். நான் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்தேன். என் மகள் வாய் சும்மா இராமல் போட்டுக்கொடுத்ததில் அது அவளுக்கும் தெரிந்துபோயிற்று. கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள்.

முதல் நாள் அவள் நீட்டிய படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘இது எங்களுக்கு எதற்கு’ என்று ஒரு வரி அச்சடித்திருந்தது. பிறந்த தேதி, எந்த வயது அணி என்று பார்க்க. ஒவ்வாமை, பயிற்சியாளரிடம் சொல்ல. நீந்தத் தெரியுமா, தண்ணீரில் இறக்கலாமா என்று முடிவு செய்ய. அவ்வளவுதான். நான் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.

“அப்பா பேரு எங்க எழுதணும்?” என்று கேட்டேன்.

“வேண்டாம்க்கா. அதை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்? அவசரம்னா யாரைக் கூப்பிடணும், அதை மட்டும் சொல்லுங்க.”

“என்னை மட்டும்தான்.”

“அப்ப உங்களை மட்டும்தான்,” என்றாள்.

கேட்கிறவர்களிடம் பொய் சொல்லியே பழகிய எனக்கு, கேட்காத இவளிடம் உண்மையைச் சொல்லத் தோன்றியது. மகளைக் கீழே படகு பார்க்க அனுப்பிவிட்டு, “ஒருத்தர் எங்களைத் தேடிக்கிட்டிருக்காரு,” என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேடுகிறவன் என் புருஷன். மகள் முன்னால் ‘உங்க அப்பா, அவர்’ என்று சொல்வேன். மனசுக்குள் அவன்தான். முதல் தடவை ஓடிவந்தபோது என் சொந்தக்காரர் வீட்டு வழியாகக் கண்டுபிடித்தான். இரண்டாவது ஊரில், மகள் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாள் என்று பள்ளிக்கூடம் பெருமையாக அவள் பெயரை வலைத்தளத்தில் போட்டது. பரிசு வந்த வாரமே அவனும் வந்தான். கதவுத் தாழ்ப்பாள் போனது, என் இடது முன்கையும் போனது. இன்றைக்கும் அதற்குள் ஒரு எஃகுத் தகடு இருக்கிறது. அவன் எங்கள் அருகே வரக் கூடாது என்று நீதிமன்றம் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறது. காகிதத்தைக் காட்டினால் நிற்கிற ஆள் என்றால் அந்தக் காகிதமே தேவைப்பட்டிருக்காது.

மகள்மேல் அவன் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் ஏரியில் வாடகைப் படகு எடுத்து, அவளை முன்னால் உட்காரவைத்து, துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவன்தான். அவனிடமிருந்து அவள் கொண்டுவந்த நல்லது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

பூட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது. மன்றத்தில் என்னென்ன செய்வார்கள் என்று மட்டும் சொன்னாள். யார் போன் செய்து எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், இருக்கிறாள் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். அழைத்துப் போக வருகிறவர் ஒரு கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். அது எனக்கும் மகளுக்கும் மன்றத்துக்கும்தான் தெரியும். பயிற்சியாளர் கையில் இருக்கிற அட்டையில் முழுப்பெயர்கூட இருக்காது. படம் எடுக்கக் கூடாத பிள்ளைகள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், யாராவது கேமராவைத் தூக்கினால் ஒதுங்கிவிட வேண்டும்.

“அப்ப இவளுக்கு மஞ்சள்,” என்றேன்.

“மஞ்சள்தான்க்கா. நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னவர்களை எண்ணினால் கைவிரல் போதாது. சொன்னபடி பார்த்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. நான் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஈரமான படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து உதறி, நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதை மடிக்க வேண்டும். சாயங்காலம் கையெல்லாம் வெந்துபோய் வீட்டுக்கு வந்தால், மகள் என்னைவிடக் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள், உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடு. “என்னடி இது, கையா சல்லடையா?” என்பேன். பெருமையாக விரித்துக் காட்டுவாள். தன் தட்டில் போட்டது போதாமல் என் தட்டிலும் கை வைப்பாள். தூங்கப் போகுமுன் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

நாலு பேர் வலிக்கிற படகில் அவளுக்கு இரண்டாவது இருக்கை. படகின் கோடியில் ஒரு பொடிசு உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். அந்த ஐந்து பேரும் ஈருடல் ஓருயிர் என்பார்களே, அதில் இன்னும் மூன்று உடலைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் என் மகளைக் கொக்கு என்று கூப்பிட்டார்கள். எங்கே நின்றாலும் ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை ஏற்றி வைத்துக்கொண்டுதான் நிற்பாள். நிற்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். எவ்வளவோ அதட்டிப் பார்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன்.

மஞ்சள் பட்டை மட்டும்தான் உறுத்தியது. யாருக்காவது பிறந்தநாள், ஏதாவது ஒரு சின்ன வெற்றி என்று கேமராவைத் தூக்கினால் இவள் ஒதுங்கிப் போய் மற்றவர்களின் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் அழைத்து வரப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். நாலு பேரும் தோளில் கை போட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் இரண்டு கையிலும் பைகளோடு சுவரோரம் நின்று, தன்னையும் எடுப்பது போலவே சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வருடம் அவர்கள் படகு பெரிய போட்டிக்குத் தேர்வாயிற்று. தகுதிச் சுற்றில் ஜெயித்த அன்றைக்குப் பயிற்சியாளர் எல்லாரையும் படகுத்துறையில் வரிசையாக நிற்கச் சொன்னார். தூங்கும்போதுகூட வாயில் விசிலோடுதான் தூங்குவார் போல, பிள்ளைகள் அவரை விசில் மாஸ்டர் என்பார்கள். மகள் வழக்கம்போல் பைகளைப் பொறுக்கப் போனாள். மற்றவர்கள் விடவில்லை. கொக்கு இல்லாத படம் என்றால் படமே வேண்டாம் என்று அவளை இழுத்து வரிசைக்குள் தள்ளினார்கள். அவளும் ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து நின்றுவிட்டாள். விசில் மாஸ்டர் எடுத்துவிட்டார்.

மன்றத்தின் விதியில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, படத்தை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால், பெற்றவர் பார்த்துச் சம்மதித்தால், அந்தப் பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிவிட்டுப் போடலாம். பூட்டு இரண்டாவது வழியை எடுத்தாள். உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். முகத்தை மங்கலாக்கி, சட்டையில் இருந்த எண்ணை எடுத்து, மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டையைக்கூட மறைத்து, பெயர் ஒன்றும் போடாமல், படத்தைத் தாளில் அச்சடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்தாள்.

“போன்ல அனுப்பக் கூடாதுக்கா, அதான் நேர்ல வந்தேன். பாருங்க. உங்களுக்குச் சரின்னா மன்றத்து இணையப் பக்கத்துல போடுறோம். வேண்டாம்னா இங்கேயே கிழிச்சுடுறேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகள், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக்கொண்டு. நாலு முகத்திலும் வாய் காதுவரை போயிருந்தது. இடமிருந்து இரண்டாவதாக நின்றவளுக்கு மட்டும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தது போல் ஒரு தீற்றல். அதற்குக் கீழே வலப்பாதத்தின் மேல் இடப்பாதம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தெரியுதாக்கா யாருன்னு?”

“எனக்குத் தெரியாம இருக்குமா? நான் பெத்தவ.”

“மத்தவங்களுக்கு?”

“முகமே இல்லை. இதுல யாரு என்னத்தைக் கண்டாங்க?”

அவள் அப்போதும் விடவில்லை. வேறு ஏதாவது உறுத்துகிறதா, சுவர், படகு, பின்னால் தெரிகிற பாலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கைகள் என் மகளின் தோளைச் சுற்றியிருப்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “போடும்மா,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். அந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சரி என்றாள். வீட்டில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் சலவைக்கூடத்துக்கு எனக்குப் போன் வந்தது. பூட்டுதான்.

“அக்கா, பிள்ளை என் பக்கத்துலதான் இருக்கா. நல்லா இருக்கா. அதை முதல்ல சொல்லிடுறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவர் வந்துட்டுப் போயிட்டாரு.”

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மன்றத்தின் இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். விசில் மாஸ்டர் விசில் இல்லாமல் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மேலே அலுவலக அறையில் மகள் ஈரத்தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டாள்.

நடந்ததைப் பூட்டு சொன்னாள். பிள்ளைகள் பயிற்சி முடித்துப் படகைத் தோளில் சுமந்துகொண்டு கரையேறும்போது அவன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருக்கிறான். சத்தம்கூடப் போடவில்லை, அவள் பெயரை ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவள் படகை விட்டுவிட்டு வேலியிடம் போயிருக்கிறாள். ஒரு தோள் குறைந்ததும் மற்றவர்கள் தடுமாற, படகின் மூக்கு தரையில் உரசியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பூட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கீழே ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றிருக்கிறாள்.

“நின்னு அவர்கிட்ட என்ன கேட்டேன் தெரியுமாக்கா? கடவுச்சொல் என்னன்னு கேட்டேன். பழக்கத்துல வந்துடுச்சு,” என்றாள். “நான் கூட்டிட்டுப் போக வரலையே, பார்க்கத்தானே வந்தேன்னு சிரிச்சாரு. போலீஸ் வர்றதுக்குள்ள போயிட்டாரு.”

நான் மகளின் முன்னால் உட்கார்ந்தேன்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. நல்லா வளர்ந்துட்டேன்னாரு. துடுப்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னாரு.”

“வீடு எங்கன்னு கேட்டாரா?”

“கேட்டாரு. நான் சொல்லலை.”

“நாம இங்க இருக்கறது எப்படித் தெரியுமாம்?”

அவள் பூட்டை ஒருமுறை பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. “எனக்குப் படகுன்னா உசுருன்னு அவருக்குத் தெரியும்ல. படகு இருக்கற மன்றம் எது எதுன்னு பார்த்து, அவங்க போடுற படத்தையெல்லாம் பார்த்துக்கிட்டே வந்தாராம். முகம் தெரியற பிள்ளைங்களை விட்டுட்டாராம். முகத்தை மறைச்சிருந்தா மட்டும் நின்னு பார்ப்பாராம். மறைச்சிருந்தா அங்க யாரோ ஒளிஞ்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்னாரு.”

கீழே பிள்ளைகள் படகைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். நாங்கள் அப்படியா செய்தோம்? எத்தனை கவனமாகச் செய்தோம். வேலியே பயிரை மேய்ந்தது என்றுகூட என்னால் திட்ட முடியாது. வேலி நின்றபடிதான் நின்றது. வேலி போட்டிருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே பயிர் இருக்கிறது என்று அவன் கண்டுகொண்டான்.

ஆனாலும் எனக்கு வாய் அடங்கவில்லை. “நல்லாப் பூட்டுனேம்மா நீ,” என்றேன். “நாலு முகத்தைத் திறந்து வெச்சுட்டு ஒண்ணை மட்டும் பூட்டுனா, திருடனுக்கு எந்த அறைன்னு சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகாதா?”

அவள் கழுத்தில் கிடந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு என்னைவிட எட்டுப் பத்து வயது குறைவு இருக்கும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், இதற்கென்றே இருக்கிற உதவி மையத்துக்குப் போன் செய்தேன். அங்கே எங்களைத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறாள். மறுநாள் காலை ரயில், வேறு ஊர், வேறு வீடு என்றாள். இரண்டு பைக்குமேல் வேண்டாம் என்றாள். அதை அவள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையிலா நான் இருந்தேன்?

போனை வைத்துவிட்டு, “எங்களைப் பத்தி இங்க என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அழிச்சுடும்மா,” என்றேன்.

பூட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். நான் பார்க்க வேண்டும் என்று திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். வருகைக் கணக்கு. சட்டை அளவு. ஒவ்வாமை எதுவும் இல்லை என்ற குறிப்பு. நீச்சல் தேர்வில் தேறியது. கடவுச்சொல். மன்றத்தின் இணையப் பக்கத்தில் இருந்த படம். ஒவ்வொன்றையும் அழிக்கச் சொல்லும்போது கணினி நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்டது. பூட்டு என்னைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், அவள் அழுத்துவாள். ஆற்றில் அவர்கள் ஓட்டிய ஓட்டங்களின் நேரங்கள் வந்தபோது மகள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

“அதை மட்டும் விடுங்கக்கா. அதுல பேரை எடுத்துட்டு நேரத்தை மட்டும் வெச்சுக்கலாம்ல? எங்க அஞ்சு பேரோடதுதானே அது?”

பூட்டின் விரல் நின்றது. பாவம், அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெயர் இல்லாவிட்டால் தெரியாது என்று நினைக்கிற காலம் எனக்குப் போய்விட்டது.

“அழிச்சுடும்மா,” என்றேன்.

மகள் துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசியில் பூட்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒண்ணை மட்டும் அழிக்க முடியாதுக்கா. இன்னைக்கு நடந்ததை. வரக் கூடாத ஆள் ஒரு பிள்ளையைத் தேடி வந்தா அதை எழுதி வெக்கணும். பல வருஷம் வெச்சிருக்கணும். என் கையில இல்லை, சட்டம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் என் மகள் ஓடினாள், ஆடினாள், சிரித்தாள், ஜெயித்தாள். அதில் ஒன்றும் மிஞ்சாது. அவன் வந்து வேலியோரம் நின்றது மட்டும் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படும். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தோழிகளிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று மகள் கேட்டாள். பூட்டு அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “என்னன்னு சொல்லுவே கண்ணு? எங்க போறேன்னு கேப்பாங்க. ஏன்னு கேப்பாங்க. நீ அழுதா அவங்களும் அழுதுக்கிட்டே வீட்டுல போய்ச் சொல்லுவாங்க.” மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பின்பக்கப் படியில் இறங்கினோம். கீழே பொடிசு யாரையோ வாளி கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. கொக்கு மேலே இருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பின்வாசலில் பூட்டு என் கையைப் பிடித்தாள். “எந்த ஊருன்னு என்கிட்ட சொல்லாதீங்கக்கா. எனக்குத் தெரியவே கூடாது.”

“சொல்ல மாட்டேன்,” என்றேன். மதியம் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் மகளின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டையை அவிழ்த்துத் தன் கையில் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

காலை ரயிலில் கூட்டம் இல்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். ஊர் கடக்கிற வரைக்கும் அவள் உள்ளங்கையில் காய்த்துப்போயிருந்த தோலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க ஆறு இருக்கா?” என்று கேட்டாள்.

“இருந்தா என்ன?”

“ஆறு இருந்தா மன்றம் இருக்கும்ல.”

எப்போது சொல்லலாம் என்று நான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. “படகு வேண்டாம்டா கண்ணு,” என்றேன். “பந்து விளையாடு, பாட்டுக் கத்துக்கோ, என்ன வேணா கேளு. படகு மட்டும் வேண்டாம். இனிமே அவர் படகு இருக்கற இடமா பார்த்துத்தான் வருவாரு.”

அடம் பிடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“முகமே இல்லாத படத்துல என்னைக் கண்டுபிடிச்சிருக்காரும்மா.”

அவள் குரலில் இருந்தது பயம் இல்லை. அது என்ன என்று எனக்குத் தெரிந்தது, தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரு பிள்ளைக்குத் தன் அப்பனைப் பற்றி வருகிற பெருமை அது. ஒருவனுக்கு உன்னை உள்ளும் புறமும் தெரியும் என்பது வேறு, அவன் கையில் நீ பத்திரமாக இருப்பாய் என்பது வேறு என்று சொல்ல நினைத்தேன். பதினாலு வயதில் அதை எப்படிப் புரியவைப்பது? என் முன்கையைத் தடவிக்கொண்டேன்.

“நீயா இருந்தா கண்டுபிடிச்சிருப்பியா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? “பார்த்த உடனே கண்டுபிடிச்சேன். பூட்டு கொண்டுவந்து காட்டினாளே, அப்பவே. உன் காலைப் பார்த்தாத் தெரியாதா எனக்கு?”

இப்போது அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

“உனக்குத் தெரிஞ்சா அவருக்கும் தெரியும்ல. அப்புறம் ஏம்மா போடச் சொன்னே?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். பூட்டின் தலையில் போடலாம். விசில் மாஸ்டர் இருக்கிறார், தோழிகள் இருக்கிறார்கள், பழிக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாக நாக்கு நுனி வரைக்கும் வந்து போயிற்று. ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்று, யாரும் ஏறாமல் மறுபடி கிளம்பியது.

“நீ அவங்களோட சேர்ந்து நிக்கிறதைப் பார்க்க எனக்கு ஆசையா இருந்துச்சு,” என்றேன்.

அவள் எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்து, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“எனக்கும்தாம்மா,” என்றாள்.